எல்லைக்கல்லுக்குக் கீழே

1969 அக்டோபர் 9, வியாழன்.

காலை 7.12க்கு, மேற்கு ஜெர்மனியின் பான் நகர நிலையத்தில் ரயில் ஏறினோம். ஃபிராங்க்ஃபர்ட்டில் வண்டி மாறி, 12.05க்கு வூர்ட்ஸ்பர்க். இரண்டாம் வகுப்பு, ஆளுக்கு 24 மார்க். உடன் வந்தவர் சுதர்மோ. மத்திய ஜாவாவில் யோக்யகர்த்தாவுக்கு அருகே ஒரு நெல் கிராமத்துக்காரர். பானில் மண்ணியல் படிக்கிறார். நான் வேளாண் பொருளாதாரம். எங்கள் பேராசிரியர் ஒரே கேள்வியை மூன்று ஊர்களில் கேட்டுவரச் சொல்லியிருந்தார்: தகப்பன் நிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்துகொண்டே போனால் நாலு தலைமுறையில் அந்த ஊர் என்ன ஆகிறது? சுதர்மோவின் ஊர் ஒன்று. தஞ்சாவூர் ஜில்லாவில் என் ஊர் ஒன்று. மூன்றாவது, தெற்கு ஜெர்மனியின் பிராங்கோனியாவில் மைன் நதிக்கு வடக்கே ஒரு கிராமம். ஜெர்மனியின் வடக்கில் பண்ணை முழுவதும் ஒரே வாரிசுக்குப் போவதுண்டு. இந்தப் பக்கத்தில் நம்மைப் போலப் பங்கு பிரிப்பதுதான் வழக்கம். ஊரின் பெயரை எழுதமாட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ரயிலில் சுதர்மோ தன் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டைச் சுற்றித் தென்னையும் பலாவும் நிற்கும் கொல்லை. அதற்கப்பால் சாவா என்று அவர்கள் சொல்லும் நன்செய். வாய்க்காலை ஒட்டிய நல்ல நிலம் ஊர்த் தலைவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விடப்பட்டது. பதவி போனால் நிலமும் போய்விடும். சொந்த நிலம் இல்லாத வீடுகளே அதிகம். அறுவடைக்குப் பெண்கள் கூட்டமாக வந்து, உள்ளங்கையில் அடங்கும் கத்தியால் கதிர் கதிராக அறுத்து, அறுத்ததில் ஒரு பங்கைக் கூலியாக எடுத்துக்கொள்வார்கள்.

“எங்க அப்பா நிலம் ஆறு பங்கு ஆச்சு, மாஸ். என் பங்கோட அகலம் பதினாலு தப்படி” என்றார். மாஸ் என்றால் ஜாவா மொழியில் அண்ணன். நான் அவரைவிட மூன்று வயது மூத்தவன்.

“வரப்பு?”

“ஒவ்வொரு உழவுக்கும் பக்கத்து நிலத்துக்காரன் மண்வெட்டியால ஒரு சீவு சீவுவான். நாங்களும் பதிலுக்கு ஒரு சீவு. வரப்பு இருக்கு. மேல நடக்கத்தான் முடியாது.”

என் ஊரிலும் அப்படியேதான் என்றேன். ஜெர்மன்காரர்கள் கல் நட்டுவிடுகிறார்கள், அதனால் இந்தத் தொல்லை அவர்களுக்கு இருக்காது என்று இருவருமே நம்பிக்கொண்டு போனோம்.

வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து 31 கிலோமீட்டர் பஸ். கட்டணம் 2 மார்க் 40 பெனிக். பிற்பகல் 2.35க்கு இறங்கியபோது மெல்லிய வெயில். எண்ணிப் பார்த்தேன்: 61 வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை. வீட்டு முற்றங்களில் சாணக்குவியல். குவியலின் உயரத்தைப் பார்த்தே மாடுகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம்.

எங்களுக்கு அறை கொடுத்தவர் பாபெட் என்ற விதவை. வயது 52. ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 மார்க், காலை உணவு சேர்த்து. தங்குவோர் படிவத்தில் சுதர்மோ தன் பெயரை ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிட்டார்.

“குடும்பப் பேரு எங்க?” என்றார் பாபெட்.

“எனக்கு ஒரே பேருதான்.”

“அப்பாவுக்கு?”

“அவருக்கும் ஒண்ணுதான். அது வேற பேரு.”

பாபெட் சற்று யோசித்து, இரண்டு கட்டத்திலும் சுதர்மோ என்று தானே எழுதிக்கொண்டார். இருவரும் படிக்க வந்தவர்கள் என்றதும் எங்களை டாக்டர் என்றே அழைக்க ஆரம்பித்தார். இன்னும் பட்டம் வாங்கவில்லை என்றேன். “அதனால என்ன, டாக்டர், அந்தச் செவலைப் பசு மூணு நாளா இருமுது, வந்து பாருங்க” என்றார். அவர்கள் பேசும் ஜெர்மன் பான் நகரத்து ஜெர்மன் அல்ல. பாதியை ஊகித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பேச்சை எங்கள் பக்கத்துப் பேச்சாகவே இங்கே தருகிறேன்.

பாபெட்டின் நிலம் மொத்தம் ஆறு ஹெக்டேர், சுமார் பதினைந்து ஏக்கர். அது 38 துண்டுகளாக ஊரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கிறது. சில துண்டுகள் உழவு எந்திரம் திரும்பக்கூட அகலம் இல்லாதவை. ஐந்து பசுக்கள். ஒரே மகள் நகரத்தில் ஆலை வேலைக்குப் போகிறாள்.

ஆனால் பாபெட்டின் கவலை 38 துண்டுகளைப் பற்றியது அல்ல. முகம் கழுவிவிட்டு வந்தவுடன் எங்களை வீட்டின் கிழக்குப் பக்கத்துக்கு அழைத்துப்போனார். வீட்டுச் சுவருக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவே ஒரு மண்பாதை. பின்னால் இருக்கும் தொழுவத்துக்கும் களஞ்சியத்துக்கும் வண்டி போக அது ஒன்றுதான் வழி. மேற்கே தேவாலயச் சுவர் ஒட்டி நிற்கிறது. பின்மூலையில் எல்லைக்கல் இருக்கிறது, அங்கே அகலம் தாராளம். சாலையோரத்து முன்மூலைக் கல்தான் சென்ற வருஷம் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது காணாமல் போயிற்று. பக்கத்து நிலத்துக்காரர் ஆல்ஃபோன்ஸ் அங்கே எந்திரக் கொட்டகை கட்டப்போகிறார். கல் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தது என்பது அவர் பேச்சு. மூன்றரை மீட்டர் என்பது பாபெட்டின் பேச்சு.

“வைக்கோல் ஏத்தின வண்டிக்கு ரெண்டரை மீட்டர் வேணும்” என்றார் பாபெட். “அவன் சொல்ற மாதிரி ஆச்சுன்னா நான் தலையில சுமந்துதான் தீவனம் போடணும். ஒரு குளிர்காலம் போடுவேன். அப்புறம் மாட்டை வித்துட்டு மகளோட ஆலைக்குப் போகணும். அம்பத்திரண்டு வயசுல.”

நில அளவை அலுவலகத்தில் படம் இருக்குமே என்று கேட்டேன். இருந்தது. அவரிடமும் ஒரு நகல் இருந்தது. அளவுவிகிதம் ஐயாயிரத்துக்கு ஒன்று. கோட்டின் தடிமனை என் அளவுகோலில் பார்த்தேன்: மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு. நிலத்தில் அது ஒன்றரை மீட்டர். பாபெட்டின் வழியில் பாதி அந்த மைக்கோட்டுக்குள்ளேயே கிடந்தது.

“சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு எழுவர் வராங்க” என்றார். ஊரார் தேர்ந்தெடுத்து, ஆயுள் முழுவதும் எல்லைக்கல் நடுவதாகச் சத்தியம் செய்த ஏழு பேர். அவர்களைத்தான் எழுவர் என்பது. சங்கிலியும் பழைய பத்திரமுமாக வருவார்கள்போல என்று நினைத்து அவ்வாறே குறித்துக்கொண்டேன். அதற்கு மேல் கேட்காதது என் தவறு.

அக்டோபர் 10, வெள்ளி.

காலை 7 மணி முதல் துண்டுகளை அளந்தோம். பாபெட் இரவல் வாங்கித் தந்த இரண்டு சைக்கிள்கள், ஒரு நாடா, ஒரு மண்வெட்டி. ஒவ்வொரு துண்டிலும் ஒரு மூலையில் ஒன்றரை அடி ஆழம் தோண்டி ஒரு பை மண் எடுப்பது சுதர்மோவின் வேலை. அளவும் படமும் எழுதுவது என் வேலை. வயல்களில் சர்க்கரை ஆலைக்குப் போகும் வெள்ளைப் பீட்ரூட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆல்ஃபோன்ஸ் எந்திரத்தை நிறுத்தி, “எங்க மண்ணை இந்தியாவுக்குக் கொண்டுபோறீங்களா? பாபெட்டோடதை மட்டும் எடுத்துட்டுப் போங்க” என்று கத்தினார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

மதியம் 12.20க்கு வீட்டை ஒட்டிய துண்டுக்கு வந்தோம். அதன் மூலைதான் பாதை சாலையைத் தொடும் இடம். மண் இளகிக் கிடந்தது. சுதர்மோ தோண்டிய குழியில் ஒரு சுட்ட களிமண் துண்டு வந்தது. தீப்பெட்டி அளவு, ஒரு முகத்தில் ஏதோ கீறல். அதை எடுக்கும் முன் நான் வழக்கம்போல் படம் வரைந்தேன்: எந்த முகம் மேலே, எந்த முனை வடக்கே. சுவரிலிருந்து 2 மீட்டர் 85. பழைய ஓட்டுத் துண்டு என்று நினைத்து சுதர்மோ அதைத் துடைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். குழியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனோம். பன்றி சேராத சாப்பாடு வேண்டும் என்று சொல்லியிருந்ததால் பாபெட் வேகவைத்த உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் வைத்திருந்தார். சுதர்மோ பசியோடு சாப்பிட்டார்.

மாலை 6 மணிக்கு மதுக்கடை. இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும் புது ஒயினை மேசை மேசையாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சுதர்மோவுக்கு ஆப்பிள் சாறு. எழுவரின் தலைவர் கிலியான் எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். வயது 74, வலக்கையில் இரண்டு விரல் இல்லை. கல் தொலைந்துபோனால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

“கல்லு தொலையட்டும்” என்றார் கிலியான். “கல்லை எவனும் நகர்த்தலாம். அதான் கல்லுக்கு அடியில நாங்க ஒண்ணு வைப்போம்.”

“என்ன?”

“அதைச் சொன்னா அப்புறம் நான் எதுக்கு?” என்று சிரித்தார். “என்ன பொருள், எத்தனை, எப்படிக் கிடக்கும், எழுவருக்கு மட்டும்தான் தெரியும். எழுதி வைக்கிறதில்ல. பொண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது, பாதிரியாருக்கும் சொல்லக் கூடாது. கல்லை நகர்த்தினவனுக்கு அடியில இருக்கறது தெரியாது. நாங்க தோண்டிப் பார்த்தா, அது கிடக்கற விதமே பேசும்.”

எனக்கு உறைக்கும் முன்னே சுதர்மோவின் கை கோட்டுப் பைக்கு மேல் போய் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆப்பிள் சாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மேசையிலிருந்து ஆல்ஃபோன்ஸ் கிலியானைக் கேட்டார்: “நாளைக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னா?”

“கிடைக்கலைன்னா வழக்கு. நாலு வருஷம்.”

“நான் காத்திருப்பேன். அவ காத்திருப்பாளா?”

6.40க்கு வெளியே வந்தோம். இருட்டிவிட்டது, தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெருவில் சுதர்மோ முதல்முறையாக என் கையைப் பிடித்தார்.

“மாஸ், திரும்ப வச்சிடலாம். உங்ககிட்ட படம் இருக்கு. அதே இடம், அதே மாதிரி. யாருக்கும் தெரியாது.”

எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாலையோரம் போனோம். ஆல்ஃபோன்ஸின் மனைவி எதிரே ஜன்னல் கதவைச் சாத்த வந்து, எங்களைக் கண்டு, சாத்தாமல் நின்றாள். பாபெட்டின் வீட்டில் தங்கி, பாபெட்டின் சாப்பாட்டைச் சாப்பிடும் இரண்டு வெளிநாட்டார், எழுவர் வருவதற்கு முந்தின நாள் மண்வெட்டியோடு அந்த மூலையில். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

பாபெட் பால் கறந்துகொண்டிருந்தார். சொன்னேன். சுதர்மோ துண்டை உள்ளங்கையில் நீட்டினார். பாபெட் அதைத் தொடவில்லை. பால் வாளியில் விழும் சத்தம் மட்டும் நின்றது.

“எங்க இருந்துச்சு?”

“சுவர்லேர்ந்து ரெண்டு எண்பத்தஞ்சு.”

“மூணரை இல்லையா?”

“இல்லை.”

அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கேட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. துண்டு எங்கள் கையில். மூன்றரை மீட்டரில் புதைத்துவிட்டால் மூன்றரை மீட்டர். பசுவின் மடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுந்தார்.

“நாளைக்கு எல்லாரும் நிக்கறப்ப சொல்லுங்க, டாக்டர். கிலியான்கிட்ட தனியா போகாதீங்க. தனியா போனா நான் அனுப்பினேன்னு ஆகிடும்.”

“உங்களுக்குக் கெடுதலா முடிஞ்சா?”

“கெடுதல் ஏற்கெனவே உங்க பையில இருக்கு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அக்டோபர் 11, சனி.

காலை 8 மணி. வானம் தெளிவு, தரையில் உறைபனி. எழுவரில் ஐந்து பேர் வந்தார்கள், இருவர் ஆஸ்பத்திரியில். “அஞ்சும் எழுவர்தான்” என்றார் கிலியான். கறுப்புக் கோட்டு, கையில் மண்வெட்டி. சங்கிலி இல்லை, பத்திரம் இல்லை. ஆல்ஃபோன்ஸும் மனைவியும் ஒருபுறம், பாபெட் ஒருபுறம். தெருவில் பத்துப் பதினைந்து பேர்.

கிலியான் மண்வெட்டியைக் குத்தும் முன் நான் முன்னே போய்ச் சொன்னேன். என் ஜெர்மன் அன்று மிகவும் மோசமாக வந்தது. சுதர்மோ துண்டை நீட்டினார்.

ஆல்ஃபோன்ஸ் முகம் சிவந்து, “பார்த்தீங்களா! என் வீட்டுக்காரி நேத்தே பார்த்தா! மண்வெட்டியோட நின்னாங்க! இதுல இனிமே தோண்ட என்ன இருக்கு? அவளோட விருந்தாளிங்க வச்சது, அவளோட விருந்தாளிங்க எடுத்தது!” என்றார்.

“வைக்கலை” என்றேன். “எடுத்தோம்.”

“அது யாருக்குத் தெரியும்?”

கிலியான் கையை உயர்த்தினார். துண்டை வாங்கினார், அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது கல்லுக்கு அடியில் வைக்கும் சாட்சித் துண்டா, வெறும் ஓட்டுத் துண்டா என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

“எப்படிக் கிடந்துச்சு?”

“வரைஞ்சு வச்சிருக்கேன்.”

கிலியான் என் குறிப்பேட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைப் பார்த்து, சட்டென்று மார்போடு மூடிக்கொண்டார். “எல்லாரும் தேவாலயச் சுவர் பக்கம் போங்க. திரும்பி நில்லுங்க.”

போனோம். ஆல்ஃபோன்ஸும் பாபெட்டும் அருகருகே, சுவரைப் பார்த்து. மண்வெட்டி விழும் சத்தம். பிறகு கையால் மண்ணைத் தள்ளும் சத்தம். ஐந்து கிழவர்களின் முணுமுணுப்பு.

“ஒரு துண்டை யாரும் கொண்டுவந்து போடலாம்” என்றார் ஆல்ஃபோன்ஸ், சுவரிடம்.

பின்னாலிருந்து கிலியானின் குரல் வந்தது: “ஒரு துண்டைப் போடலாம், ஆல்ஃபோன்ஸ். மத்ததெல்லாம் எப்படிக் கிடக்கணும்னு அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?”

மற்றதெல்லாம் என்று அவர் சொன்னபோது பாபெட்டின் தோள் அசைந்தது. எங்கள் குழி அந்தக் குவியலின் ஓரத்தை மட்டும் தொட்டிருக்க வேண்டும். ஆனால் குழாய்ப் பள்ளம் தோண்டியவர்கள் மீதியைக் கலைத்திருந்தால்? சுதர்மோ கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். என் கைக்கடிகாரத்தில் பதினேழு நிமிஷம்.

“திரும்பலாம்.”

குழி மூடப்பட்டு, அதன் நடுவே ஒரு மரமுளை நின்றது. நாடாவைக் கிலியான் என்னிடமே கொடுத்தார், அளவைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். சுவரிலிருந்து 2 மீட்டர் 70.

“எப்படி நிச்சயம்?” என்றார் ஆல்ஃபோன்ஸ்.

“நான் சத்தியம் பண்ணினவன்.”

வேறு விளக்கம் இல்லை. நம்மூராக இருந்தால் அங்கிருந்துதான் சண்டையே தொடங்கும். ஆல்ஃபோன்ஸ் முளையை வெகுநேரம் பார்த்தார். அவர் தாத்தாவும் எழுவரில் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. “உனக்கும் மூணரை இல்ல” என்றார் பாபெட்டிடம்.

“உனக்கும் ஒண்ணரை இல்ல” என்றார் பாபெட்.

புதுக்கல்லை எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்கள் சேர்ந்துதான் தூக்கி வர வேண்டுமாம். அந்த ஊர் வழக்கம். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். மீண்டும் எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். கல் இறங்கியது.

9.30க்கு பாபெட் எந்திரத்தைக் கிளப்பினார். வைக்கோல் ஏற்றிய வண்டி பின்னால். ஒருவரும் கலைந்து போகவில்லை. சுவருக்கும் கல்லுக்கும் நடுவே வண்டி நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. வைக்கோல் சுவரை உரசி உதிர்ந்தது. சக்கரம் கல்லைத் தொடவில்லை. களஞ்சியத்துக்குள் போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

கிலியான் எங்களை அழைத்தார். என் குறிப்பேடு அவர் கையில். “இந்தப் பக்கத்தைக் கிழிக்கணும்” என்றார். கிழித்தேன். பக்கம் 47, 48. அவர் அதைத் தீக்குச்சியில் பற்றவைத்து, விரல் சுடும்வரை பிடித்திருந்தார். பிறகு எங்கள் இருவரையும் கையை உயர்த்தச் சொன்னார்.

“எந்தச் சாமி பேரால?” என்றார் சுதர்மோ.

“உங்களுக்கு எந்தச் சாமிகிட்ட பயமோ, அந்தச் சாமி.”

சத்தியம் செய்தோம்: பார்த்ததைச் சொல்லவோ எழுதவோ மாட்டோம், எந்த ஊர் என்பதையும். மேலே அந்தத் துண்டைப் பற்றி நான் எழுதியிருப்பது அன்று தெருவில் நின்ற எல்லாரும் கண்டது. அதற்கு மேல் இல்லை. அந்த மூலையில் எடுத்த மண்ணையும் பையோடு வாங்கிக் கல்லைச் சுற்றிக் கொட்டினார்கள்.

பிற்பகல் 1.50 பஸ்ஸில் ஏறினோம். பாபெட் எங்கள் மடியில் ஒரு கூடை ஆப்பிள் வைத்தார். செவலைப் பசுவின் இருமல் நின்றுவிட்டதாம். அதற்கும் டாக்டர்களுக்கு நன்றி சொன்னார்.

ரயிலில் சுதர்மோ தன் ஊரின் நிலப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். லெட்டர் சி என்று பெயர்; டச்சுக்காரர்கள் காலத்தது; ஊர் அலுவலகப் பெட்டியில் இருக்கும். அதில் யார் பெயரை எழுதுவது, யார் பெயரை அடிப்பது என்பது பேனா வைத்திருப்பவர் கையில். என் ஊரில் அது கணக்குப்பிள்ளை கையில். அவர் வீட்டுக்கு வெற்றிலைத் தட்டோடு போனவர்களின் வரப்பு நேராக இருக்கும். எழுதி வைத்ததால் எங்கள் நிலம் பத்திரமாக இருக்கிறது என்று நாங்கள் இருவரும் பானில் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறோம். அன்று ஃபிராங்க்ஃபர்ட் வரும்வரை பாபெட்டின் ஆப்பிள்களைத் தின்றுகொண்டு வந்தோம்.

திங்கட்கிழமை பேராசிரியர் எங்கள் அட்டவணையைப் பார்த்தார். நிலத் துண்டுகள் 38, மண் மாதிரிகள் 37. முப்பத்தெட்டாவது எங்கே என்று கேட்டார்.

சுதர்மோ என்னைப் பார்த்தார். மழை பெய்துவிட்டது, எடுக்க முடியவில்லை என்றேன்.

ஜெர்மனியில் இருந்த நாலு வருஷத்தில் நாள்தோறும் வானிலையைக் குறித்து வைத்திருக்கிறேன். அக்டோபர் 9, 10, 11 மூன்று நாளுக்கும் என் கையெழுத்தில் ஒரே சொல்தான்: தெளிவு. அதை இன்றுவரை திருத்தவில்லை. பேராசிரியரிடம் சொன்னதையும்தான்.